கோட்டுக்கு இடப்பக்கம்

பென்சில்தான், பேனா கூடாதாம், பேனாவையும் மேல்கோட்டையும் காபியையும் வெளியே ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள், கையைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள், எழுபத்தாறு வயதுக் கிழவனை, சரி, கழுவினேன், இப்போது பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எழுதத் தெரியாதவனுக்குப் பென்சில் என்ன பேனா என்ன... ஆனால் அது இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஆட்ரா என்று பெயர், முப்பது வயதிருக்கும், தாள் கசங்கிவிடுமோ என்று மூச்சைக்கூட மெதுவாக விடுகிறவள். என் பாட்டுக் கூட்டாளி ராய்ஸ் செத்தபிறகு அவன் மனைவி நார்மா அவனுடைய தாள்களையெல்லாம் நாற்பத்தோரு பெட்டியில் இந்த ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டாள், ராய்ஸ் கில்லியம் பத்திரிகையில் எழுதியது, பாட்டாக எழுதியது, மளிகைச் சீட்டு உட்பட. எல்லாத் தாளையும் இந்தப் பெண் உறையில் போட்டு, துருப்பிடித்த கிளிப்பையெல்லாம் பல் பிடுங்குவதுபோல் பிடுங்கி, வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள். செத்தவனுக்கு இவ்வளவு உபசாரம். உயிரோடு இருந்தபோது அந்த மனுஷனின் சட்டைக்கு ஒரு பட்டன் தைக்க ஆளில்லை, நார்மா கோபித்துக்கொள்வாள், ஆனால் உண்மை அதுதான்.

"வெர்லின் சார், இதுதான் அந்த அட்டை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாட்டுத் தாளுக்குப் பக்கத்துல வைக்கப்போறோம். வார்த்தை ராய்ஸ் சார், மெட்டு நீங்கன்னு போட்டிருக்கேன். படிச்சுப் பார்த்துட்டு, சரின்னா கீழ உங்க பேரோட முதல் எழுத்தைப் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமை திறப்பு விழா." மெட்டு நானாம். மெட்டு! நாற்பத்தைந்து வருஷமாக இசைத்தட்டிலே இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, ஒருத்தரும் கேட்டதில்லை, இவள் ஏன் பிரிக்கிறாள்... ஏன் என்றால், தாள் முழுக்க ராய்ஸின் கையெழுத்து. அவள் சொன்னதும் அதுதான், "ஒரு எழுத்துகூட உங்களோடது இல்லையே சார், அதான்." நியாயம்தானே, கண்ணால் பார்ப்பதைத்தானே அவள் நம்புவாள், என் குரலை எந்த உறையில் போட்டு வைப்பாள்? அந்த அறையில் நான் நடந்துகொண்டே சொன்னேன், அவன் உட்கார்ந்து எழுதினான், நடந்தது தாளில் ஒட்டாது, எழுதினது ஒட்டும். இதைச் சொல்ல வேண்டுமென்றால் நீங்களே ஏன் எழுதவில்லை என்று கேட்பாள். திருடனைத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

அட்டையைப் பார்க்கிறேன், பார்ப்பதில் நான் கெட்டிக்காரன், கண்ணை இடமிருந்து வலமாக எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும், எங்கே தலையை ஆட்ட வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது என் மனைவி டார்லாவுக்குத் தெரியும், ராய்ஸுக்குத் தெரியும், இரண்டு பேரும் மண்ணுக்குள். டார்லாவிடம் நானே சொன்னேன். ராய்ஸிடம் சொல்லவில்லை, பாட்டு வெளியிடுகிறவரின் அலுவலகத்தில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது அவர்கள் பெயர் அச்சாகியிருந்த இடத்தின் மேலேயே என் பெயரை வரைந்து வைத்தேன், ஆமாம், வரைந்துதான், அந்த ஒரு சொல்லைத்தான் டார்லா படம்போலச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தாளை நீட்டின அலுவலகத்து அம்மாள் விழித்தாள். ராய்ஸ் உடனே, "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் பாருங்க, வேற தாள் கொடுங்க" என்றான். அவனுக்கு அன்று தெரிந்துவிட்டது, ஆனால் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் சாப்பாட்டு அட்டையைச் சத்தம் போட்டுப் படிப்பான், "என்னென்ன இருக்கு பாப்போம், பொரிச்ச கோழி, கெளுத்தி மீன், அவரை, மக்காச்சோள ரொட்டி..." பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள், ராய்ஸுக்குச் சாப்பாட்டைப் படித்தாலே பசி எடுக்கும் என்று ஊரே கேலி செய்தது, அவனும் வயிற்றைத் தடவிக்கொண்டு சேர்ந்து சிரித்தான். அவன் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது, எந்தக் கடையிலும் பக்கத்து ஆள் சாப்பிடுவதைக் காட்டி அதையே கொடு என்கிறேன், எனக்குப் பிடிக்காத ஈரலை எத்தனை தடவை தின்றுவிட்டேன்.

அப்படிப்பட்டவன் மேல் எனக்கு இப்போது கோபம் வருகிறதே, வெட்கமாக இருக்கிறது, ஆனால் வருகிறது. அந்தப் பாட்டு என் அப்பா. மெட்டு யாருக்கு வேண்டும், மெட்டை யார் வேண்டுமானாலும் போடலாம், அது கென்டக்கியில், மலை இடுக்கில், நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை விழுந்து செத்துப்போன என் அப்பா, அவருடைய சாப்பாட்டு வாளி. அடித்தட்டில் தண்ணீர், நடுத்தட்டில் ரொட்டியும் உப்புக்கறியும், மேல்தட்டில் அம்மா வைக்கிற பாகு கேக். எங்கள் பக்கத்தில் எந்த அப்பாவும் கேக் முழுவதையும் தின்னமாட்டார், ஒரு துண்டு மிச்சம் வைப்பார், சாயங்காலம் கரிமுகத்தோடு மேலே ஏறி வரும்போது பிள்ளைகள் ஓடிப்போய் வாளியைப் பிடுங்கும், முதலில் ஓடுகிறதுக்குத்தான் அந்தத் துண்டு. நான் கடைக்குட்டி, ஒன்பது வயது, ஓப்பல் அக்கா வேண்டுமென்றே மெதுவாக ஓடுவாள், அது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அந்த மார்ச் மாதச் சாயங்காலம் அப்பா வரவில்லை, பக்கத்து வீட்டு க்ளெட்டஸ் வாளியைக் கொண்டுவந்து படியில் வைத்தார், நான் ஓடினேன், மூடியைத் திறந்தேன், மேல்தட்டில்... இதை ராய்ஸ் எழுதினானாம், ஜார்ஜியாவில் பல் டாக்டர் வீட்டில் பிறந்தவன், நிலக்கரியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன்.

சொல்லிவிடலாமா? சொல்லக் கூடாது. பாட்டெழுதிப் பிழைக்கிற இந்த ஊரில் அது ஒரு கட்டுப்பாடு, சட்டம் ஒன்றும் இல்லை, அதைவிடக் கெட்டி. காலைப் பத்து மணிக்கு அலுவலகம் போகிறவர்கள்போல இரண்டு பேர் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், மத்தியானம் ஒரு பாட்டோடு வெளியே வருகிறார்கள், அறையில் யார் இருந்தார்களோ அவர்கள் எழுதியது, அவ்வளவுதான், நீ நூறு வார்த்தை சொன்னாயா, ஒரு வார்த்தை சொன்னாயா, சும்மா காபி குடித்தாயா என்பதெல்லாம் கதவுக்கு வெளியே வரக் கூடாது. இந்த வரி என்னுடையது என்று சொல்லித் திரிகிறவன், கட்டினவளைப் பற்றிச் சாராயக் கடையில் பேசுகிறவனுக்குச் சமம், அவனோடு மறுபடி யாரும் அறைக்குள் போகமாட்டார்கள். சரி, ஆனால் ராய்ஸ், நீ இப்போது அறையிலேயே இல்லையேடா, நான் ஒருத்தன்தான் உட்கார்ந்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை கூட்டம் வந்து, கண்ணாடிக்குள் பார்த்து, ஆகா ராய்ஸ் என்னமாய் எழுதியிருக்கிறான் என்று சொல்லும், நான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்ட வேண்டும், மெட்டுக்காரன்.

"சார், இன்னொண்ணும் கேக்கணும். இந்தக் கோடு என்னன்னு புரியலை." அவள் உறையை என் பக்கம் திருப்புகிறாள். மஞ்சள் தாள், இடப்பக்கம் காபிக் கறை, அது நான் சிந்தியது, நினைவிருக்கிறது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. "வலது பக்கம் பூரா பாட்டு. இடது பக்கம் காலி, தாளை ஏன் இப்படி வீணாக்கினாரோ. கடைசியில மட்டும் ஒரே ஒரு வரி அந்தப் பக்கம் இருக்கு." கோடு... அந்தக் கோடு எனக்குத் தெரியுமே. எழுபத்து நான்கில் ஒரு பாடகரின் பேருந்தில் நான் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன், ராய்ஸ் பேட்டி எடுக்க வந்தான், பாடகர் குடித்துவிட்டு உருண்டு கிடந்தார், வந்ததற்கு என்னையாவது பேட்டி எடுக்கிறேன் என்று படிக்கட்டில் உட்கார்ந்தான், நோட்டைப் பிரித்தவுடன் நடுவில் ஒரு கோடு கிழித்தான். அது எதுக்கு என்று கேட்டேன். "கோட்டுக்கு வலப்பக்கம் நீங்க சொல்றது. இடப்பக்கம் நான் பாக்கறது, நான் நினைக்கறது. ரெண்டும் கலந்துட்டா அப்புறம் எது யாரோடதுன்னு எனக்கே தெரியாது, பொய்யாயிடும்." நாற்பது வருஷம் அவன் எல்லாத் தாளிலும் அந்தக் கோட்டைக் கிழித்தான், பாட்டுக்கும்கூட, கைப்பழக்கம். நான் ஒருநாளும் அதை யோசித்ததில்லை, தாளைப் பார்க்கிற பழக்கமே இல்லாதவனுக்குக் கோடு எங்கே தெரியும்?

வலப்பக்கம் முழுக்க பாட்டு என்கிறாள், அப்படியானால்... ராய்ஸ், டேய் ராய்ஸ், நீ எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய், உன் கையெழுத்தில் என் பெயரைப் போடாமலே என் வாயைத் தாளில் வைத்திருக்கிறாய்! சிரிப்பு வந்துவிட்டது, அந்தப் பெண்ணும் என்னவென்று தெரியாமல் சிரித்தாள். எழுத்தைப் பற்றிப் பேசாமலே இதைச் சொல்லிவிடலாம், அம்மா, அவன் பத்திரிகைக்காரன், அடுத்தவன் சொன்னதை வலப்பக்கம் எழுதுவான், அவ்வளவுதான், முடிந்தது, அட்டையை மாற்று. வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு விரலை உறைக்கு மேலே வைத்து வரியை எண்ணிக்கொண்டிருந்தேன், எண்ண வரும் எனக்கு, கூரை வேலை பார்த்தவன், ஓடு எண்ணியே பிழைத்தவன். நாலு வரி, இடைவெளி. நாலு வரி, இடைவெளி. நாலு வரி, இடைவெளி. மூன்று வரி. மறுபடி எண்ணினேன். கடைசிப் பத்தியில் மூன்றுதான். நாலாவது, கோட்டைத் தாண்டி, இடப்பக்கம், தனியாக.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை என்பார்களே... இல்லை, அது வேறு ஏதாவதாக இருக்கும், நார்மா போனில் கூப்பிட்டாள் என்று குறித்திருப்பான், பால் வாங்க வேண்டும் என்று எழுதியிருப்பான். "கண்ணு, அந்த இடப்பக்கத்து வரியைக் கொஞ்சம் வாசியேன், கண்ணாடியை வண்டியில விட்டுட்டு வந்துட்டேன்." அவள் நிமிர்ந்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். கண்ணாடி பையில் இருக்கிறது, பாதி வெளியே நீட்டிக்கொண்டு. ஒரு நொடி, அவ்வளவுதான், அப்புறம் அவள் தாளின் மேல் குனிந்துகொண்டு, "என்னென்ன இருக்குன்னு ரெண்டு பேருமா பாத்துடுவோம் சார், முதல்லேருந்தே வாசிக்கறேன்" என்று மேலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பாட்டு முழுவதும் வந்தது, தண்ணீர்த்தட்டு, கரிமுகம், அக்கா மெதுவாக ஓடினது, சாயங்காலம் படிவரை நான் ஓடினது, க்ளெட்டஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது, நான் மூடியைத் திறந்தது, எல்லாம் வலப்பக்கம். "இது இடது பக்கம்," என்றாள், "மேல்தட்டில் எனக்கென்று ஒரு துண்டு இருந்தது."

எந்த மேடையிலும் அந்த வரிக்குத்தான் கூட்டம் அடங்கும். வெர்ஜீனியாவில் ஒரு கிழட்டுச் சுரங்கக்காரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார், அந்த வரிக்கு. ஓப்பல் அக்கா ஒரே ஒரு தடவை அந்தப் பாட்டை நேரில் கேட்டாள், அந்த வரி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள், திரும்பி வந்து என் கையை மட்டும் தட்டிக்கொடுத்தாள், அழப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன்... அழத்தானே போனாய், அக்கா? அன்றைக்குப் படியில் என் பக்கத்தில் நின்றவள் நீ ஒருத்திதான். மூடியைத் திறந்தேன், அதுவரை நிச்சயம், தகரம் கிரீச்சென்றது, உள்ளே... நான் சொல்லமுடியாமல் நின்றேனா அந்த அறையில்? ஜன்னல் பக்கம் போய் நின்றது நினைவிருக்கிறது, மழை, ராய்ஸ் நாற்காலியில் அசையாமல் இருந்தான், அப்புறம் அவன் ஏதோ முணுமுணுத்தான், அல்லது நான் முணுமுணுத்தேன். நினைத்துப் பார்த்தால் அந்த வரி என் குரலில்தான் கேட்கிறது, கேட்கத்தானே செய்யும், அதைப் பாடினவன் நான் ஒருத்தன்தானே. இடப்பக்கம் அவன் நினைப்பது. வெறும் வாளியை ஒரு பையன் திறந்து பார்ப்பதை அவனால் தாங்க முடியவில்லையோ, ஒரு துண்டு போட்டுவைத்தானோ, சாப்பாட்டு அட்டையைப் படித்த மாதிரி... அப்படியானால் அப்பா எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையா? அன்று அவருக்குப் பசியாக இருந்திருக்கும், தின்றிருப்பார், தின்னட்டுமே, அவர் கேக், அவர் கடைசிச் சாப்பாடு, அதற்குப் போய் நான் ஏன் இப்படிக் கணக்குப் பார்க்கிறேன்.

"அந்தக் கோடு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா சார்? வலது பக்கம் ஒருத்தர், இடது பக்கம் ஒருத்தர்னு ஏதாவது...?" கெட்டிக்காரப் பெண், கண்டுபிடித்துவிடுவாள், இன்றில்லாவிட்டால் நாளைக்கு, நாற்பத்தோரு பெட்டியிலும் அந்தக் கோடு இருக்கிறது. "அறையில ரெண்டு பேர் இருந்தோம் கண்ணு," என்றேன், "ரெண்டு பேரும் எழுதினோம். அப்படியே போடு." அரை மணி முன்னால் அதே கட்டுப்பாட்டின் மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தது, இப்போது அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறேன், ராய்ஸின் மானத்துக்காகவா, என் பயத்துக்காகவா, தெரியவில்லை. அவள் அட்டையைத் திருத்தி வைத்தாள், வார்த்தையும் மெட்டும் வெர்லின், ராய்ஸ், இருவரும், என்று விரலை வைத்துக் காட்டி மெதுவாகப் படித்தாள். முதல் எழுத்தை வரைந்தேன். பென்சில் மரம் வாய்க்குள் இருந்தது, எப்போது கடித்தேன் என்று தெரியாது, அதற்கும் கீழே, நாக்கின் அடியில், பாகின் இனிப்பும் கொஞ்சம் கரித்தூளும், அறுபத்தேழு வருஷமாக அங்கேதான் இருக்கிறது அந்த ருசி, அது அன்றைய துண்டா, அதற்கு முந்தைய நாளுடையதா, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று யாரைக் கேட்பது?