பரு இல்லாத வானம்

பல் டாக்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நோயாளி வாயைப் பிளந்து, உள்ளே கண்ணாடியும் கொக்கியும் இருக்கும் நேரம் பார்த்துத்தான் தான் எடுத்த வானப் படங்களைக் காட்டுவார். நாற்காலிக்கு எதிரே உள்ள திரையில் படம் வரும். "எப்படி இருக்கு?" என்பார். அந்த நிலையில் யாராக இருந்தாலும் "ஆ..." என்றுதான் சொல்ல முடியும். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டு பல்லைப் பிடுங்குவார்.

வீட்டில் அந்தப் பாச்சா பலிக்கவில்லை. வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு பெரிய வாயு மேகம் இருக்கிறது. பல இரவுகள் மொட்டை மாடியில் நின்று அதை எடுத்து, எல்லாப் படங்களையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது துணி துவைத்த தண்ணீர் நிறத்தில்தான் வந்தது. மேகத்தில் சிவப்பும் நீலமும் இருப்பது அவருக்குத் தெரியும். எடிட்டிங் மென்பொருளைத் திறந்து, நிறத்தைக் கூட்டும் பட்டையை வலது ஓரம்வரை தள்ளிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் கரண்டியோடு வந்து பார்த்தாள். "ஏங்க, மிக்ஸிய மூடாம பீட்ரூட் அரைச்சீங்களா?"

"இது பிரபஞ்சம்டீ."

"பிரபஞ்சத்துக்கு இப்படியா வேர்க்குரு போடும்?"

உண்மைதான். மேகத்தோடு சேர்ந்து வானத்தின் இருட்டும் நிறம் ஏறி, படம் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் பொரிந்து கிடந்தது. வான்நோக்கர் சங்கத்தின் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. இதைக் கொண்டுபோய் மாட்டினால் சங்கத் தலைவர் சும்மா விடமாட்டார்.

"என் தங்கச்சிகிட்ட குடுங்க. கறுத்த முகத்தையும் காஞ்ச முகத்தையும் அவதான் ஜொலிக்க வைக்கிறா" என்றாள் மனைவி.

மச்சினி கல்யாண ஸ்டூடியோ ஒன்றில் படங்களுக்கு மெருகேற்றுகிறவள். அவள் கை பட்டால் மாப்பிள்ளைக்கு முடி வளரும், சம்பந்திகள் சிரிப்பார்கள். அதில் அவளுக்குப் பெருமையும் கொஞ்சம் அதிகம். டாக்டர் நிறம் கூட்டாத படத்தின் பிரதியைக் கொடுத்து, "கலரை மட்டும் கொஞ்சம் தூக்கி விடும்மா" என்றார்.

"அத்தான், கவலைய விடுங்க. உங்க மேகத்த மணப்பொண்ணா நினைச்சுக்கறேன்."

அப்படிச் சொன்னபோதே டாக்டர் சுதாரித்திருக்க வேண்டும்.

படம் ஸ்டூடியோவிலிருந்தே அச்சாகி, சட்டம் போட்டு, தாளில் சுற்றி நேராகக் கண்காட்சி அரங்குக்குப் போய்விட்டது. தொடக்க நாள் மாலை, சங்கத் தலைவர் தம் கையாலேயே தாளைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"டாக்டர், நட்சத்திரமெல்லாம் எங்க?"

டாக்டர் எட்டிப் பார்த்தார். கறுப்பு வானம். நடுவே மேகம். பேருக்குக்கூட ஒரு நட்சத்திரம் இல்லை.

பட்டுப் புடவையில் மச்சினி பின்னாலேயே வந்து நின்றாள். "எப்படி அத்தான்? அப்பப்பா, எவ்வளவு தூசி! கேமராவத் துடைக்கவே மாட்டீங்களா? ஒவ்வொண்ணா எடுத்தேன். தோள்பட்டையே கழண்டு போச்சு."

"அது தூசி இல்லம்மா. நட்சத்திரம்."

"எல்லாமா?"

"எல்லாமே."

அவள் முகம் தொங்கிப்போனது. ஆனால் தோற்றுப்போகிற பெண் இல்லை அவள். "அந்த நடுவுல இருந்த நாலு பருவுமா?"

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அந்த நாலுதான் மேகத்துக்கே வெளிச்சம் குடுக்குது!"

"லைட்டா அது? லைட்டு ஃப்ரேமுக்குள்ள வந்தா நாங்க எடுத்துடுவோம் அத்தான். முன்னாடியே சொல்லக் கூடாதா?"

கூட்டம் கூடிவிட்டது. "இது மோசடி. வானத்தையே மொட்டை அடிச்சிருக்காங்க. கழட்டுங்க!" என்று தலைவர் கத்தினார். மச்சினியின் கண் கலங்கியது. அவளைத் திட்டத்தான் டாக்டரும் வாயைத் திறந்தார். ஆனால் கழற்றுவதற்காகப் படத்தின் அருகே போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

நட்சத்திரங்களின் கூச்சல் இல்லாத இடத்தில் மேகம் தனியாகத் தெரிந்தது. அவள் இருட்டைத் தொடவில்லை. ஒளி இருக்கும் இடத்தில் மட்டும் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தாள். சிவப்பு மெல்ல இளகி ரோஜாவாகி, ஓரத்தில் நீலமாகக் கரைந்தது. இடப்பக்கம் புகை இழைபோல ஒரு கரிய கோடு. அத்தனை இரவுகள் எடுத்தும் அது தம் படத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"இந்தக் கோடு நீயா வரைஞ்சது?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்ல அத்தான். இருந்ததுதான். நான் எடுப்பேன், ஏத்துவேன். இல்லாதத வைக்க மாட்டேன்."

மாப்பிள்ளைகளின் முடி டாக்டருக்கு ஞாபகம் வந்தது. ஆனாலும் அதைக் கேட்க இது நேரமில்லை என்று விட்டுவிட்டார். தலைவர் பக்கம் திரும்பினார்.

"கழட்ட வேண்டாம் சார். 'நட்சத்திரங்களை நீக்கிய மேகம்'னு கீழ எழுதி வைங்க. நாளைக்கு நட்சத்திரத்தோட இன்னொண்ணு கொண்டு வர்றேன். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்."

"யார் பேர்ல?"

"ரெண்டு பேர் பேர்லயும்."

தலைவர் முணுமுணுத்தபடியே படத்தை நெருங்கினார். மூக்கு படத்தின் கண்ணாடியில் இடிக்கும்வரை நெருங்கி, அந்தக் கரிய கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். கழற்றும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் ஸ்டூடியோவில் உட்கார்ந்தார்கள். டாக்டரின் அசல் படத்திலிருந்து நட்சத்திரங்களைத் தனி அடுக்காகப் பிரித்து, மேகத்தின்மேல் விரிக்கும் வேலை. அது காய்கறிச் சந்தைபோல நடந்தது.

"இந்தச் சின்னது வேண்டாம் அத்தான், மேகத்துக்கு மூக்குத்தி மாதிரி துருத்திட்டு நிக்குது."

"சின்னதா? நம்ம சூரியன விடப் பெருசும்மா அது."

"பெருசா இருந்தா என்ன, அடக்கமா இருக்கணும்ல? கொஞ்சம் சுருக்கிக்கறேன்."

"சுருக்கு. ஆனா எடுக்காத."

கடைசியில் எல்லா நட்சத்திரங்களும் தத்தம் இடத்துக்குத் திரும்பின, முன்பைவிடச் சற்று அடக்கமாக. மாலையில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. எது அழகு என்று பார்க்க வந்தவர்களெல்லாம் கட்சி கட்டிச் சண்டை போட்டார்கள். டாக்டரின் மனைவி மட்டும் இரண்டையும் பார்த்துவிட்டு, "பீட்ரூட் இல்ல, அது போதும்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அடுத்த வாரம் டாக்டர் ஒருவருடைய கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மச்சினி போனில் வந்தாள்.

"அத்தான், கண்காட்சியப் பாத்துட்டு ஒரு ஜோடி வந்திருக்கு. கல்யாண ஆல்பத்துல உங்க மேகத்துக்கு முன்னாடி நிக்கணுமாம். நிக்க வைக்கட்டுமா?"

டாக்டர் யோசித்தார். "மேகத்த மறைப்பாங்களா?"

"மாப்பிள்ளை கொஞ்சம் அகலம்."

"அப்ப ஓரமா நிக்கச் சொல்லு. சின்னதா."

"கல்யாணம் அவங்களுக்கு அத்தான்!"

"மேகம் எனக்கும்மா."

ஆல்பம் வந்தபோது ஜோடி ஓரத்தில்தான் நின்றது. மாப்பிள்ளையின் வழுக்கை மேல் லேசாக ஒரு ரோஜா வெளிச்சம் விழுந்திருந்தது. மணப்பெண்ணின் அம்மா உட்பட யாரும் குறை சொல்லவில்லை.