எதிரி நாட்டில் மனைவி

தீர்த்தகிரிக்குச் சேலத்துத் தந்தி ஆபீசில் பதினோரு வருஷ சர்வீஸ். அவனளவுக்குப் பிசகில்லாமல் தந்தி அடிக்க அங்கே ஆள் கிடையாது. நாற்பத்திரண்டாம் வருஷம் பட்டாளத்து ரகசியத் தந்திகள் வர ஆரம்பித்ததும், அவற்றைத் தொடுகிற ஒவ்வொருவரையும் போலீஸ் விசாரித்தது.

அவன் மனைவி கந்தம்மாள், சீக்காகக் கிடந்த அப்பனைப் பார்க்க முந்தின ஆவணியில் பினாங்குக்குக் கப்பலேறியவள். மார்கழியில் ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்தான். அதற்கப்புறம் அவளிடமிருந்து கடிதமே இல்லை.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் குமாரசாமி இரக்கமுள்ளவர். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சம்சாரத்தப் பஞ்சாயத்துல தீத்து உட்டாச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"அவ இருக்கறாளுங்களே" என்றான் தீர்த்தகிரி.

பங்குனியில் உத்தரவு வந்தது. மனைவி எதிரி வசமுள்ள நாட்டில் வசிப்பதால் இவர் அந்தரங்க வேலைக்குத் தகுதியற்றவர். அவனை ஸ்டாம்பு விற்கிற ஜன்னலுக்கு மாற்றினார்கள். கூட உட்கார்ந்து சாப்பிடும் பச்சமுத்து தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போனான். தீர்த்தகிரி அருகில் வந்தால் பேச்சு நின்றது. வீட்டிலோ பேச்சுக்கே ஆளில்லை. சோறு வடிக்கும்போது அவனே ஏதாவது சொல்லிக்கொள்வான்.

வைகாசியில் ஆட்டையாம்பட்டி சண்முகவேல் தேடி வந்தான். பினாங்கில் ஜவுளி விற்றவன். சிங்கப்பூர் போய்க் கடைசிக் கப்பலில் தப்பி, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்காகக் கிடந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். கார்த்திகைக் கடைசியில், பினாங்கில் குண்டு விழுந்த முதல் நாளே, கந்தம்மாள் அப்பனுக்கு மருந்து வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாளாம்.

"ஒடம்ப நாந்தான் தூக்குனேனுங்க. மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகலீங்க."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, தீர்த்தகிரி அவனை பஸ் ஏற்றிவிட்டான்.

மேலிடத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் தந்தி மேஜை திரும்பக் கிடைக்கும். இரண்டு தடவை காகிதம் எடுத்தான். அவள் பெயரை எழுதினான். அதற்கு மேல் கை ஓடவில்லை.

புரட்டாசியில் குமாரசாமி மறு விசாரணைக்கு வந்தார்.

"ஊட்டுக்காரம்மா இன்னும் அங்கதானுங்களா?"

உள்ளறையில் யாரோ தப்பும் தவறுமாகத் தந்தி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்கதானுங்க" என்றான்.

அவர் எழுதிக்கொண்டு போனார். சண்டை முடிகிற வரைக்கும் அவன் ஸ்டாம்பு ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தான்.