கடைசி பெஞ்ச் ஹோட்டலில் ஒரு புகார்

எங்கள் கம்பெனி வருடம் ஒரு பட்டியல் வெளியிடும். பயணிகளுக்கு மிகவும் பிடித்த ஹோட்டல் குழுமம் எது, கொஞ்சமும் பிடிக்காதது எது என்று ஊர் ஊராகக் கேட்டு வரிசைப்படுத்துவார்கள். பயணிகள் சொன்னது உண்மைதானா என்று நேரில் போய்ப் பார்ப்பது என் வேலை. சாதாரண விருந்தினர் மாதிரி ஒரு நாள் தங்க வேண்டும். யார் என்று மூச்சு விடக்கூடாது. நாற்பத்திரண்டு கேள்விகள் உள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். அலுவலகத்தில் எங்களுக்குப் பெயர் 'சும்மா வந்தவங்க'.

நான் இயற்பியல் படித்தவள். நாற்பத்தொரு கேள்விகள் எனக்குக் கொண்டாட்டம். வெந்நீர் எத்தனை டிகிரி, லிஃப்ட் வர எத்தனை நொடி, தலையணை எத்தனை அங்குலம். பையில் எப்போதும் தெர்மாமீட்டர், ஸ்டாப்வாட்ச், அளவு நாடா இருக்கும். முப்பத்தோராவது கேள்விதான் எமன்.

'வரவேற்பு மேசைக்கு நேரில் சென்று ஒரு குறையைச் சொல்லவும். ஊழியர் என்ன செய்தார்?'

எனக்குக் குறை சொல்ல வராது. பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் நான்தான் மன்னிப்புக் கேட்பேன். இதுவரை போன ஏழு ஹோட்டல்களிலும் அந்தக் கட்டம் காலி. எட்டாவதற்கு அனுப்பும்போது மேடம் சொன்னார்:

"இதுலயும் காலியா விட்டா, வேலை நிரந்தரம் ஆகாது. வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான். உனக்காகத்தான் பார்த்துப் பார்த்து இந்த ஹோட்டலைக் குடுத்திருக்கேன். அஞ்சு வருஷமா பட்டியல்ல கடைசி. அங்க குறை சொல்ல முடியலன்னா, சொர்க்கத்துலயும் முடியாது, நரகத்துலயும் முடியாது."

அந்தக் குழுமத்துக்கு அலுவலகத்தில் 'கடைசி பெஞ்ச்' என்று பெயர்.

படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது: உடன் வருபவர் குறை சொன்னாலும் ஏற்கப்படும். உடனே சித்திக்குப் போன் செய்தேன். அம்மாவின் தங்கை. பச்சைத் தண்ணீரிலும் உப்புக் கரிக்கிறது என்பவள். வாங்கிய செருப்பை நான்கு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்துப் புது ஜோடியோடு வந்தவள்.

"குறை சொல்லணும், அவ்வளவுதானே? அதுக்கு ரூம், சாப்பாடு எல்லாம் குடுக்கிறாங்களா? இத்தனை வருஷம் நான் ஓசியிலயா செஞ்சுட்டு இருந்தேன்!" என்றாள் சித்தி.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைசி பெஞ்ச் எங்களை ஏமாற்றவில்லை. லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு ஒரு அடி கீழேயே நின்றது. தாவி மேலே ஏறினோம். அறையில் குளியலறைக் குழாயின் திருகு சுற்றிக்கொண்டே இருந்தது, தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வந்தது. திரைச்சீலை ஜன்னலைவிட இரண்டு சாண் குட்டை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கை நீட்டினால் தொடலாம். எனக்கு ஒரே சந்தோஷம். சித்தியின் முகத்தைப் பார்த்தேன்.

சித்தி செருப்பைக் கழற்றினாள். கட்டிலில் ஏறி நடுவில் படுத்தாள். கையையும் காலையும் விரித்தாள்.

"அப்பாடா."

"சித்தி, குழாய்?"

"ஓடட்டும்டி. அருவி மாதிரி இருக்கு."

"ஜன்னல்ல சுவர்தான் தெரியுது."

"வெயில் வராது. நல்லதுதானே."

போனில் டீ சொன்னாள். முப்பத்தொரு நிமிடம் கழித்து வந்தது. சூடு நாற்பத்திரண்டு டிகிரி. நான் அளந்து காட்டினேன்.

"ஊதிக் குடிக்க வேண்டாம் பாரு" என்றாள். ஒரு மிடறு குடித்தாள். "காலையில இருந்து யாராவது என்கிட்ட ஏதாவது கேட்டாங்களா? சாவி எங்க, சட்டை எங்க, கண்ணாடி எங்கன்னு? இந்த ஹோட்டலைக் கடைசின்னு சொன்னவன் யாருடி? அவனை இங்க வரச் சொல்லு."

"சித்தி, என் வேலை போயிடும்."

"ஒரு மணி நேரம் தூங்கிட்டு வர்றேன், தங்கம். எழுந்ததும் கிழிச்சுடறேன்."

சொல்லி முடிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். தோளைத் தொட்டு எழுப்பினால், 'ஊம்' என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். மதியம் மூன்று மணிக்குள் படிவத்தை அனுப்ப வேண்டும்.

சரி, நானே போகிறேன் என்று கீழே இறங்கினேன். முதல் முறை வரவேற்பாளரிடம் "வணக்கம்" சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். இரண்டாம் முறை, நான் கேட்காத ஒரு துண்டோடு திரும்பி வந்தேன். மூன்றாம் முறை படியிலேயே வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். எங்கள் அறையில் குழாய் சரியில்லை. நான்கே சொல். பரீட்சைக்கு இதைவிட நீளமான சூத்திரமெல்லாம் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

மேசை முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன்.

"லிஃப்டுக்கு மன்னிச்சுக்கங்க" என்றார் வரவேற்பாளர். "குழாய்க்கு மன்னிச்சுக்கங்க. திரைச்சீலைக்கு மன்னிச்சுக்கங்க. டீ லேட்டா வந்ததுக்கு மன்னிச்சுக்கங்க. சுவருக்கும் மன்னிச்சுக்கங்க."

"இல்ல, நான்..."

"அதுக்கும் மன்னிச்சுக்கங்கம்மா."

மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. தலைமை அலுவலகத்தின் உத்தரவு. 'விருந்தினர் வாய் திறக்கும் முன் மன்னிப்புக் கேட்கவும். குறை பதிவாகாது. பட்டியலில் நம் இடம் உயரும்.' தலைகீழாகப் படித்தேன். கீழே பதினெட்டு குறைகள் வரிசையாக அச்சடிக்கப்பட்டிருந்தன. சோபாவின் ஸ்பிரிங்கூட அதில் இருந்தது. நான் சொல்ல இருந்த எல்லாவற்றையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். எனக்கென்று ஒரு குறைகூட மிச்சமில்லை.

சுவர்க் கடிகாரம் இரண்டு பதினைந்து காட்டியது.

"ஐயா, ஒரு நிமிஷம்..."

"காக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்க..."

"போதும்!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். நான்தான். கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை.

"என்னைக் குறை சொல்ல விடுங்க! எதைச் சொல்ல வந்தாலும் மன்னிப்புக் கேட்டு வாயை அடைக்கிறீங்க. அதான் என் குறை. எழுதுங்க அதை!"

வரவேற்பாளர் கண்ணாடிக்கு அடியில் தேடினார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை.

"இது... லிஸ்ட்ல இல்லையேம்மா."

"அப்ப எழுதுங்க."

சோபாவிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். மருந்துக் கம்பெனி விற்பனையாளர் என்று பின்னால் தெரிந்தது. "சபாஷ்மா! நாலு வருஷமா மாசா மாசம் வந்து தங்குறேன். குழாயைப் பத்திச் சொல்ல வாயைத் திறந்தா இவர் மன்னிப்புக் கேட்டு முடிச்சுடுவார். நானும் பரவாயில்லன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். இன்னைக்கு எழுதுங்கய்யா!"

"எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றாள் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்.

வரிசை சேர்ந்துவிட்டது. வரவேற்பாளர் எங்கோ தேடி ஒரு புகார்ப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஊதியதில் தூசி பறந்து அவரே தும்மினார். முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது. எழுத எழுத அந்த மனிதர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"உண்மையைச் சொன்னா, வாய் வலிக்குதும்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "ஒரு நாளைக்கு இருநூறு மன்னிப்பு."

பிறகு போனை எடுத்து பிளம்பரைக் கூப்பிட்டார். அந்த பிளம்பர் தெருமுனையில்தான் இருந்தாராம். யாரும் கூப்பிட்டதில்லையாம். ஸ்டாப்வாட்ச்படி, எங்கள் குழாய் நிற்க ஆன நேரம் பத்தொன்பது நிமிடம்.

முப்பத்தோராவது கட்டம் போதவில்லை. தனித்தாள் இணைத்து நான்கு பக்கம் எழுதினேன். இரண்டு ஐம்பத்தெட்டுக்குப் படிவத்தை அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் மேடம் போன் செய்தார்.

"நாலு பக்கமா?"

"ஆமா மேடம்."

"நீயா சொன்னே? கூட வந்தவங்களா?"

"நான்தான் மேடம். கத்திட்டேன்."

மேடம் சிரித்தார். நான் அவர் சிரித்துக் கேட்டதே இல்லை. "திங்கட்கிழமை வந்து நிரந்தர ஆர்டரை வாங்கிக்க."

போனை வைத்ததும் கட்டிலில் ஏறிக் குதித்தேன். சித்தி விழித்து, விஷயம் என்னவென்றே கேட்காமல் அவளும் ஏறினாள். பலகை கிறீச்சிட்டது. இருவரும் கூவினோம். மேசையில் இருந்த தெர்மாமீட்டர் உருண்டு விழுந்தது.

அறையின் போன் அடித்தது. எடுத்தேன். கீழிருந்து வரவேற்பாளர். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"அம்மா, பக்கத்து ரூம்காரர் உங்க மேல ஒரு புகார் குடுத்திருக்கார். ஒரே சத்தமாம். முழுசாக் கேட்டு எழுதிக்கிட்டேன். என்ன பதில் சொல்லட்டும்?"

"வேலை நிரந்தரம் ஆயிடுச்சுன்னு சொல்லுங்க!"

"அப்படியா! என்ன வேலைம்மா?"

சித்தி போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.