ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

பெட்ரோலில் ஓடும் எந்தத் தண்ணீர் பம்ப் மக்கர் செய்தாலும் அந்த வட்டாரத்தில் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். அப்பா மட்டும் வீட்டுக் குழாய் சொட்டினால்கூட வெளியாளைக் கூப்பிடுவார். காரணம் கொட்டகையில் நின்றது, அவர் உயிராய் வைத்திருந்த பழைய கார். பதினாறு வயதில், அவரைக் கேட்காமல் அதன் கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்து மாட்டினாள். அந்த வாரமே கார் படுத்துவிட்டது. கோபத்தில் அவர் மெக்கானிக்கைக்கூடக் கூப்பிடவில்லை. "இனி இதுல நீ கை வைக்கக் கூடாது" என்று பூட்டியவர்தான், இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, மகளைத் தவிர.

இப்போது வீடு மாறுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்காரர் வண்டியை அள்ளிப்போக வருகிறார்.

"ஒரு வாரம் குடுங்கப்பா. ஓட வச்சுக் காட்டுறேன்."

"என்னமோ பண்ணு" என்று அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

ஓட வைப்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கெடுத்தது தானில்லை என்று காட்டுவதுதான் வேண்டியிருந்தது. சீட்டுக்குள் குடித்தனம் நடத்திய எலிகளை விரட்டினாள். வார்னிஷ் நாற்றமடித்த பெட்ரோலை வடித்து டேங்கைக் கழுவினாள். பிரேக்கைப் பிரித்துச் சேர்த்தாள், பேட்டரியும் டயரும் மாற்றினாள். இறுகிக் கிடந்த எஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, ஸ்பேனரால் இம்மி இம்மியாகச் சுற்றினாள். வியாழக்கிழமை அது வழிக்கு வந்தது.

சனிக்கிழமை சாவியைத் திருகினாள். எஞ்சின் சுற்றியது, கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று தும்மியது, நின்றது. பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறியும் வருகிறது. கார்புரேட்டரைப் பிரித்தாள், பளிச்சென்று இருந்தது. மாட்டினாள், மறுபடி பிரித்தாள். மூன்றாம் முறை பிரித்தபோது கண் கலங்கிவிட்டது. அப்படியானால் அப்பா சொன்னதுதான் நிஜமா?

தம்பி தேநீர் கொண்டுவந்தான். நூலகத்தில் வேலை, சட்டையைக்கூட நிறவாரியாக அடுக்குகிற ஆள். எஞ்சினை எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"நான் மாட்டின ஒயர் இன்னும் அப்படியே இருக்கேக்கா!"

"நீ மாட்டினதா?"

"நீ கார்புரேட்டரைத் தொடச்சதும் எனக்கும் ஆசை வந்துச்சு. இந்த மூடியில இருந்த நாலு ஒயரையும் கழட்டித் தொடச்சேன். நம்பர் போட்டிருந்தும் யாரோ தாறுமாறா மாட்டியிருந்தாங்க. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுன்னு. நான்தான் வரிசையா மாத்தினேன்."

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"ஏண்டா, இது என்ன உன் புத்தக அலமாரியா? இந்த எஞ்சினோட சிலிண்டருங்க ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுன்னுதான்டா வெடிக்கும், ஒயரும் அந்த வரிசையிலதான் பொறி கொண்டு போகணும்!"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப... நான்தானா?"

இருபத்திரண்டு வருடம் எவன் பழியையோ சுமந்திருக்கிறாள். அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. தன்னையும்தான். பம்புகளுக்கு ஒரே சிலிண்டர், ஒரே ஒயர், அதில் வரிசை ஏது? அது மட்டுமா, குற்றம் தன் கையில்தான் என்று அடிமனதில் நம்பியதால் கார்புரேட்டரைத் தாண்டி அவள் கண் போகவே இல்லை.

மூன்று ஒயர்களை இடம் மாற்றினாள். சாவியைத் திருகினாள். எஞ்சின் இருமியது, செருமியது, பிடித்துக்கொண்டது. கொட்டகையே அதிர்ந்தது.

புகைக்கு நடுவே அப்பா வாசலில் நின்றார். தம்பி அவரிடம் ஓடினான்.

"அப்பா, கெடுத்தது நான்! அக்கா இல்ல!"

எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை அவன் கத்தியது தெருக்கோடிக்கே கேட்டிருக்கும்.

அப்பா எஞ்சின் பக்கம் காதைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். பழக்கத்தில் ஓட்டுநர் பக்கத்துக் கதவில் கை வைத்தவர், கையை எடுத்துக்கொண்டார். வண்டியைச் சுற்றி மறுபக்கம் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"பிரேக் பாத்தியா?"

"பாத்துட்டேன்பா."

"நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். எடு வண்டிய."