யன்னலோர இருக்கை, பக்கத்தில் பெண்

1.

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. காத்தான்குடியில் என் தம்பி றிஸ்வி வைத்திருக்கும் கணினிக் கடையில், சும்மா இருந்த என் காதில் வந்து விழுந்தது. அவன் ஊர்க் கம்பெனிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவன். நான் கதை எழுதுகிறவள். வீட்டைவிட அவன் கடையில் மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்பதால் அங்கே போய் எழுதுவேன்.

[கைவிட்ட தொடக்கம்: மட்டக்களப்பு வாவியில் மீன்கள் பாடும் என்பார்கள். அன்று நான் கேட்டதும் அப்படி ஒரு... கைவிட்டது முடிந்தது.]

பாடும் மீனைக் கூப்பிடாமல் இந்த ஊர்க் கதையைத் தொடங்கவே முடியாதா என்று எனக்கே எரிச்சல் வந்தது. (வெட்டிய வரிக்கு ஏன் இப்படித் தொடக்கமும் முடிவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு நாலாம் பகுதி வரை பொறுங்கள்.)

நான் கேட்டது ஒரு கைபேசி பேசியதை. தாண்டவன்வெளியிலிருந்து ஞானமலர் வந்திருந்தாள். பிறவியிலிருந்தே அவளுக்குப் பார்வை இல்லை. திரையில் விரலைத் தள்ளத் தள்ள, அங்கிருக்கும் எழுத்தை ஒரு குரல் வாசிக்கும். அதை அவள் விட்டிருந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. தாச்சியில் கடுகு வெடிப்பதுபோல் இருந்தது. அவளோ செய்தி ஒன்றை முழுதாகக் கேட்டு முடித்துவிட்டு, அதில் அமைச்சர் ஒருவர் சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்படித்தான் இருந்தேன்.

2.

"தம்பி, கொழும்பு பஸ்ஸுக்குச் சீட் போடுற சைட் நீங்கதானே செஞ்ச?"

"ஓம் அக்கா. நல்லா இரிக்கா?"

"வடிவா இரிக்கெண்டு அண்ணன் சொன்னார். எனக்கு அது இப்பிடித்தான் இரிக்கு. கேளுங்க."

எங்களுக்காகக் குரலின் வேகத்தைக் குறைத்துவிட்டு விரலைத் தள்ளினாள். "பட்டன்" என்றது கைபேசி. "பட்டன். பட்டன். பட்டன்." பஸ்ஸுக்குள் எத்தனை இருக்கை உண்டோ அத்தனை பட்டன். றிஸ்வி இருக்கைகளைப் படமாக வரைந்து, காலியானதற்குப் பச்சை, எடுத்ததற்குச் சிவப்பு என்று நிறம் தீட்டியிருந்தான். கண்ணுக்குத் தோட்டம்போல் இருந்த அந்தப் பக்கம் அவள் காதுக்கு வெறும் சுவர்.

அவளுக்குக் கொழும்பில் நேர்முகத் தேர்வு. ஒரு வானொலியில் மொழிபெயர்ப்பாளர் வேலை. அதற்குத் தனியாகப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அண்ணன் சில்வெஸ்டர் விடவில்லை. "சீட்டையே நான்தான் போட்டுத் தரவேண்டிக் கிடக்கு. மறுகா நீ எப்பிடித் தனியப் போவாய்? நானும் வாறன்" என்று சொல்லியிருந்தார்.

"அதுக்கு என்னட்ட மறுமொழி இல்ல தம்பி. சீட்ட நானே போட்டுக் காட்டினாத்தான் மறுமொழி" என்றாள்.

[கைவிட்ட வரி: சில்வெஸ்டர் தங்கையை வீட்டுக்குள் பூட்டி வைக்கும் முரடன். கைவிட்டது முடிந்தது.]

வில்லன் ஒருவர் கிடைத்தால் கதை சுலபமாக ஓடும். ஆனால் சில்வெஸ்டர், பள்ளிக்காலம் முழுவதும் தங்கைக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துக் காட்டியவர். அவர் வாசித்துத்தான் அவள் இரண்டு மொழியில் தேறினாள். இப்படிப்பட்ட மனிதரை வைத்து எப்படிச் சண்டைக்காட்சி எழுதுவது?

3.

றிஸ்விக்கு ரோசம் வந்துவிட்டது. அன்றே உட்கார்ந்து ஒவ்வொரு இருக்கைக்கும் பெயர் எழுதினான். அடுத்த முறை அவள் வந்தபோது கைபேசி ஒழுங்காகச் சொன்னது: "மூன்றாம் வரிசை, யன்னலோரம், காலி." அவன் என்னைப் பெருமையாகப் பார்த்தான்.

ஞானமலர் விரலை எடுத்துவிட்டாள். "பக்கத்துச் சீட்டில ஆரு?"

"ஆளிரிக்கு அக்கா."

"ஆம்பிளையா, பொம்பிளையா?"

அடிக்குறிப்பு, அடியில் போடாமல் இங்கேயே: எங்கள் பக்கத்தில் தூரப் பயணம் போகும் பெண், சீட் போட முதல் பார்ப்பது பக்கத்தில் பெண்ணா என்பதைத்தான். பெண் எடுத்த இருக்கைக்கு றிஸ்வி ரோஸ் நிறம் கொடுத்திருந்தான். அந்த நிறமே போதும் என்று அவனும் நினைத்தான், நானும் நினைத்தேன். நிறம் எதையும் வாய் திறந்து சொல்லாது என்பது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. அடிக்குறிப்பு முடிந்தது.

"அல்லாவே" என்று தலையில் கை வைத்து, அக்காவான என் பக்கம் திரும்பினான். "முக்கியமானத விட்டுட்டன், ராத்தா."

அதன்பிறகு இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். அவள் கேட்டுச் சொல்ல, அவன் மாற்றினான். முன் கதவோடு இருக்கும் இருக்கையை அவளுக்கு வசதி என்று அவன் முதலில் வாசிக்க வைத்திருந்தான். "எனக்கெண்டு ஒண்டையும் முன்னுக்கு வெக்காதீங்க. எல்லாத்தையும் சொல்லுங்க, நான் எடுக்கிறன்" என்றாள்.

கடைசியில் அவள் பக்கத்தை மீண்டும் திறந்து, விரலை மேலிருந்து கீழே கொண்டுபோனாள். வரிசை வரிசையாக, யன்னல் யன்னலாக, யாருக்குப் பக்கத்தில் யார் என்று அந்தச் சின்ன அறைக்குள் ஒரு முழு பஸ் சொல்லாலேயே எழுந்து நின்றது. இத்தனை வருடம் சொல்லை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஒரு சொல் இப்படி ஒருவரைக் கைகொடுத்துக் கூட்டிப்போவதை நான் பார்த்ததில்லை.

4.

இந்த இடம் வரை எழுதி, ஞானமலரின் கைபேசிக்கு அனுப்பினேன். அதில் ஒரு வரியை எழுதிவிட்டு, குறுக்கே கோடு போட்டு, கோட்டோடு அப்படியே விட்டிருந்தேன். என் தடுமாற்றத்தை வாசகர் பார்க்கட்டும் என்ற எழுத்தாள நாகரிகம்.

அவளிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் சரியில்லை. "அண்ணன் டிக்கெட்ட ரத்துச் செஞ்சிட்டார் எண்டு எழுதியிரிக்கிறீங்க. உங்களுக்கு ஆரக்கா சொன்ன?"

"ஐயோ மலர், அது நான் வெட்டின வரி."

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வெட்டு எனக்குக் கேக்கல்லயே அக்கா."

கோடு கண்ணுக்கு மட்டும்தான். அந்தக் குரல், எழுதியதையும் வெட்டியதையும் ஒரே மாதிரி, ஒரே நம்பிக்கையோடு வாசித்திருக்கிறது. தம்பி நிறத்தால் செய்த பிழைக்கு அடிக்குறிப்பு எழுதிய நான், என் பங்குக்கு ஒரு கோட்டைப் போட்டிருந்தேன். அதனால்தான் இந்தக் கதையில் கைவிட்ட ஒவ்வொன்றுக்கும் வாயால் வேலி கட்டியிருக்கிறேன். அழகு கொஞ்சம் குறைந்திருக்கும். குறையட்டும்.

5.

அந்த அழைப்புக்கு முன்பே அவள் வீட்டில் சீட் போட்டிருந்தாள்; அதைச் சில்வெஸ்டர் பக்கத்தில் இருந்து பார்த்தார். உதவிக்கு நீண்ட கையை அவரே மடியில் இழுத்து வைத்துக்கொண்டதாக அவள் சொன்னாள். அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"யன்னலோரம், பக்கத்தில் பெண். உறுதி செய்யப்பட்டது" என்றது கைபேசி.

அவர், "பஸ்ஸடிக்காவது வரலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

"வாங்க. ஏறாதீங்க."

இனி முடிவு. நான் ஆசையாக மூன்று முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவளுக்கு வேலை கிடைக்கிறது. ஒன்றில் கிடைக்கவில்லை, ஆனாலும் தனியாகத் திரும்பி வருகிறாள். மூன்றாவதில் பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது பக்கத்துப் பெண் அவளிடம்... அந்த வரியை முடிக்கவில்லை. அவளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், இடையில் நிறுத்திவிட்டாள்.

"அக்கா, அண்ணனைக் கீழ விட்டுட்டுப் போறன்."

"ஓம்."

"உங்களை ஏத்திக்கொண்டு போனா, அது எப்பிடித் தனிய?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அவளுக்குப் பக்கத்தில் நின்று அவள் என்ன நினைக்கிறாள் என்று சொல்லும் உரிமை எனக்கு இயல்பாகவே உண்டு என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தேன். அவள் கேட்டபிறகுதான் அதற்கு நான் அனுமதி வாங்கவே இல்லை என்று உறைத்தது. மூன்று முடிவையும் அழித்துவிட்டேன். கோடு போடவில்லை, அழித்தேன்.

காலை வெயிலில், காத்தான்குடியில், பஸ் நிற்கிறது. சில்வெஸ்டர் கீழே, படிக்கு எட்டத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் நான். ஞானமலர் ஏறிவிட்டாள். நடத்துநர் கதவுக்கு வந்துவிட்டார், ஆனால் பஸ் இன்னும் வெளிக்கிடவில்லை.

வாசகரே, நீங்கள் இன்னும் உள்ளே நிற்கிறீர்கள். இறங்குங்கள். அவள் போகட்டும்.