அருகம்புல் நடவு

விக்கிரமங்கலம் பக்கத்தில் களையெடுக்க ஆள் வேண்டுமென்றால் கண்ணகியிடம்தான் சொல்வார்கள். அவளோடு வேலைக்குப் போகும் பெண்கள் செட்டு இறங்கி ஏறிய கடலைக்காட்டில் புல் மறுபடி தலைகாட்ட யோசிக்கும். அதிலும் அருகு என்றால் கண்ணகிக்கு ஜென்மப் பகை. மேலே பிடுங்கினால் கீழே ஓடும். கீழே தோண்டினால் வரப்பு தாண்டிப் போய் எட்டிப் பார்க்கும்.

அரியலூருக்கு வெளியே புதிதாகப் போட்டிருந்த கால்பந்து மைதானத்தில் களையெடுக்க ஆள் கேட்டார்கள். கண்ணகி தன் செட்டோடு குட்டியானை வண்டியில் ஏறிப் போய் இறங்கினாள். மைதானத்துப் புல்லுக்குப் பொறுப்பு பானுப்ரியா. பெரம்பலூர்ப் பெண், விவசாயம் படித்துவிட்டு விளையாட்டுப் புல் வளர்ப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டவள்.

"அக்கா, கோரை முளைச்சிருக்கு. அதை மட்டும் எடுங்க" என்றாள். அதற்குள் மோட்டார் ஓடவில்லை என்று போன் வர, அந்தப் பக்கம் ஓடிவிட்டாள்.

கண்ணகி குனிந்து பார்த்தாள். கோரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நின்றது. மற்றதெல்லாம் பாய் விரித்த மாதிரி அருகு. இலை கொஞ்சம் சன்னம், ஆனால் அருகுதான்.

"என்னாடி இது, கோரைன்னுச்சு அந்தப் பொண்ணு?"

"டவுன்ல படிச்ச புள்ள. பேரு மாத்திச் சொல்லுது" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்த மருதாயி.

அது நியாயமாகத்தான் பட்டது. கரிசலில் மல்லுக்கட்டியே பழகிய கைக்கு இந்த மணல் வெண்ணெயாக இருந்தது. இழுத்தால் வேரும் கொடியுமாக முழுசாக வந்தது. மத்தியானத்துக்குள் தெற்குக் கோல் கம்பத்தைச் சுற்றி மொட்டை மணல். கண்ணகிக்கே பெருமை தாங்கவில்லை.

திரும்பி வந்த பானுப்ரியா அப்படியே நின்றாள்.

"அக்கா... புல்லு எங்கக்கா?"

"ஒரு வேர் விடலைங்க மேடம். சுத்தமா எடுத்தாச்சு."

பானுப்ரியா மணலில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கண்ணகி தண்ணீர் பாட்டிலோடு ஓடினாள்.

"அதைத்தான்கா நான் வளக்குறேன்."

"அருகையா? அருகை யாராச்சும் வளப்பாங்களா?"

"பந்து விளையாட இதை விட்டா வேற புல்லு கெடையாதுக்கா, நம்ம ஊரு வெயிலுக்கு. எவ்வளவு மிதிச்சாலும் திரும்ப வரும். இது ரெண்டு சாதி அருகைக் கலந்து உண்டாக்குனது, விதையே வைக்காது. கணுவுலேருந்துதான் முளைக்கும். மழை பெஞ்சா தண்ணி நிக்கக் கூடாதுன்னு கரிசலைத் தோண்டி எடுத்துட்டு, அடியில ஜல்லி, மேல மணல் போட்டிருக்கோம். அந்த மணலைப் புடிச்சு வச்சிருக்கிறது இந்த வேருதான்."

கண்ணகிக்கு முகம் சுண்டிப்போனது. வூட்டுக்குப் போயிடலாமா என்று மருதாயி கண்ணைக் காட்டினாள். கண்ணகி அசையவில்லை.

"நாங்க புடுங்குனதை நாங்களே நட்டுத் தர்றோம் மேடம்."

"வெயில்ல கெடந்து காஞ்சிருக்கும்கா."

"காயலைங்களே. மாட்டுக்கு ஆகுமேன்னு வேப்பமரத்தடியில குமிச்சு ஈரச்சாக்குப் போட்டு மூடி வச்சிருக்கேன்."

பானுப்ரியா ஓடிப்போய் சாக்கைத் தூக்கினாள். கொடியெல்லாம் பச்சைப் பசேலென்று கிடந்தது. அவளுக்கு வந்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது.

துண்டுக்கு ரெண்டு மூணு கணு இருக்கிற மாதிரி நறுக்கினார்கள். கீறிய மணலில் வரிசையாக வைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி மூடி மிதித்தார்கள். நடவு என்றதும் மருதாயி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, ஒரு குலவை போட்டாள். கேலரிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இடைவெளி விட்டு நட்டதில், கோல் பக்கம் நட்டது போகவும் கொடி நிறைய மிஞ்சியது. பக்கத்துப் பயிற்சி மைதானத்துக்குப் பெங்களூரிலிருந்து வர வேண்டிய புல்லுக்காகக் காத்திருந்தார்கள். மிஞ்சியதை அங்கே நட்டு ஒரு மூலையையே முடித்துவிட்டார்கள்.

கூப்பிடாமலேயே மறுநாள் கண்ணகி வந்து நின்றாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். தண்ணீர் தெளிக்கும் வேலைக்கு அவளையே வைத்துக்கொண்டாள் பானுப்ரியா. கணு ஒவ்வொன்றும் முளைவிட்டுக் கொடி ஓடத் தொடங்கியபோது, புல் வெட்டும் மெஷினோடு ஒருவர் வந்துவிட்டார்.

"இப்பத்தான் தலை தூக்குது, அதுக்குள்ளயா?" என்று சண்டைக்குப் போனாள் கண்ணகி.

"வெட்டுனாத்தான்கா மேல போவாம பக்கத்துல படரும்."

படரத்தான் செய்தது. கார்த்திகையில் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் முதல் மேட்ச். விடியற்காலை வரை கொட்டிய மழையின் சுவடே மைதானத்தில் தெரியவில்லை. மொத்தச் செட்டும் வேலியோரம் நின்றது. பந்து எங்கே போகிறது என்று கண்ணகி பார்க்கவே இல்லை. பெரம்பலூர்க்காரன் ஒருவன் தெற்குக் கோல் பக்கம் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தைத் தட்டினான். ஒரு கொத்துப் புல் பிய்ந்து பறந்தது.

"ஏய் தம்பி! காலை எங்க வைக்கிறே?"

அவன் பயந்து திரும்பிப் பார்த்தான். கேலரியே சிரித்தது.

இடைவேளையில் பானுப்ரியா மணல் வாளியைக் கையில் கொடுத்து, "வாங்கக்கா" என்றாள். கண்ணகி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே இறங்கினாள். பிய்ந்த புல்லைத் தேடி எடுத்துப் பள்ளத்தில் பொருத்தி, மணல் தூவி, குதிகாலால் மிதித்தாள். யாரோ விசிலடித்தார்கள். வெட்கத்தில் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாளே தவிர, அடுத்த பள்ளத்தை விடவில்லை. இரண்டாவது பாதிக்கு ஆட்டக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். நடுவர் பக்கத்தில் வந்து, "அம்மா, நேரமாச்சு" என்றார்.

"இருங்க சார், இது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, கண்ணகி நிதானமாக மிதித்தாள்.