முன் சக்கரத்தில் எழுதியது

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பட்டறைக்கு வருகிறவர்களுக்கு அது தெரியாது. சாக்பீஸ் என்றால்தான் தெரியும். கழற்றிய எந்தச் சாமானிலும் ஒரு வார்த்தை எழுதாமல் கீழே வைக்க மாட்டான். ‘இடது’, ‘வாஷர் ரெண்டு’, ‘இதைத் தொட்டால் கை இருக்காது’. காதில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் செருகியிருக்கும். எழுதுவதில் இருந்த தாராளம் பேசுவதில் இல்லை. அதிலும் மாமாவிடம் இல்லவே இல்லை.

மாமா என்றால் அக்கா புருஷன். இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போனபோது தம்பியின் கிட்னி சேருமா என்று சோதித்தார்கள். பொருந்தவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், நாலு பேர் பார்க்க, மாமா கேட்டுவிட்டார்: “குடுக்க மனசில்லன்னா நேரா சொல்ல வேண்டியதுதானே? டாக்டர்கிட்ட பேசி எழுதி வாங்கிட்டியா?”

சோதனைத் தாள் அப்போது அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினானா? மாட்டான். நம்பாத மனுஷனுக்கு எதற்குக் காட்ட வேண்டும் என்ற வீம்பு. பட்டறை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினான். அன்றிலிருந்து மாமா சொல்வதை அக்கா இவனிடம் சொல்வாள், இவன் சொல்வதை அவரிடம் சொல்வாள். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் அப்படித்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மத்தளம் நோயாளி வேறு. “நான் செத்தாத்தான் நீங்க ரெண்டு பேரும் பேசுவீங்க போல,” என்று சிரிப்பாள்.

வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய அவள் மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். மாமாவின் பிக்கப்பில் இரண்டு மணி நேரம். அது ஒரு ரோடா? கொஞ்ச தூரம் தார், கொஞ்ச தூரம் சேறு, மறுபடி தார். வண்டி பழைய ஃபோர் வீல். சேற்றில் நான்கு சக்கரமும் இழுத்தால்தான் ஏறும். தாரில் அப்படியே விட்டால் வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். அதனால் தார் வந்ததும் மாமா இறங்கி, முன் சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப் குமிழைத் திருகி விடுவிப்பார். சேறு வந்ததும் இறங்கிப் பூட்டுவார். மழையோ வெயிலோ, வண்டி வாங்கிய நாளிலிருந்து இருபது வருடமாக இதே வேலை.

போன தடவை அக்கா வாந்தியெடுத்த பதற்றத்தில் ஒரே ஒரு இடத்தில் மறந்துவிட்டார். தார் வளைவில் ஷாஃப்ட் முறிந்தது. நாலு மணி நேரம் நடுரோட்டில் கிடந்து, லாரி ஒன்றில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் நுரையீரலில் நீர் ஏறியிருந்தது. “இன்னொரு தடவை இவ்வளவு லேட்டா கூட்டிட்டு வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது,” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அடுத்த சிகிச்சைக்கு இரண்டே நாள். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து பட்டறையில் நிறுத்தினார்கள். முறிந்ததை மட்டும் மாற்றினால் இன்னொரு நாள் இன்னொன்று முறியும். இனி யாரும் இறங்கவே கூடாது என்று முடிவு கட்டினான் சாக்பீஸ். பின்பக்கம் நொறுங்கிப்போன பெரிய கார் ஒன்று கொல்லையில் கிடந்தது. அதன் கியர் பெட்டிக்குள் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு. முன்னும் பின்னும் அதனதன் வேகத்தில் சுற்ற விட்டுக்கொடுக்கும். அது ஏறிவிட்டால் தாரானாலும் சேறானாலும் நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். ஒரு கிட்னிதான் கொடுக்க முடியவில்லை, இதையாவது கொடுக்க வேண்டாமா?

பெட்டி உட்கார மறுத்தது. தாங்கியை அறுத்து, வேறு இடத்தில் துளைபோட்டுப் பொருத்தினான். ஷாஃப்டை இரண்டு விரற்கடை குறைவாக வெட்டிவிட்டு, “ஐயோ பாவி!” என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். ஒட்டுப் போட்டு மறுபடி பற்றவைத்தான். இரண்டாம் நாள் மதியம் வண்டி பட்டறை முற்றத்தில் முனகாமல் வட்டமடித்தது.

வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்த அக்கா, “எனக்குப் பொருந்தாட்டியும் வண்டிக்காவது பொருந்துச்சே,” என்றாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் ஒரு குறை பாக்கி இருந்தது. ஹப் குமிழ்களைக் கழற்றிவிட்டு நிரந்தரமாக மூட வேண்டும். மூடிகளின் துளைகள் சேரவில்லை. டிஃபரன்ஷியலைப் பூட்டும் கம்பியும் இன்னும் வரவில்லை. இந்த நிலையில் குமிழை யாராவது விடுவித்தால், இன்ஜின் தருகிற இழுப்பெல்லாம் முன் ஷாஃப்டை வெட்டியாகச் சுற்றிவிட்டுப் போய்விடும். வண்டி ஒரு அடி நகராது.

“அக்கா, ஹப்பைத் தொடவே கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லு.”

மாமா நாலடி தள்ளி வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், முதுகைக் காட்டியபடி.

“மூச்சு வாங்குதுடா. இந்த ஒண்ணையாவது நீயே சொல்லிடேன்.”

வாயைத் திறந்தான். அதே நேரம் மாமா துணியை உதறிவிட்டு மறுபக்கம் நகர்ந்தார். அவ்வளவுதான், திறந்த வாய் மூடிக்கொண்டது. காதிலிருந்து சாக்பீஸை எடுத்தான். இரண்டு குமிழிலும் பெரிய எழுத்தில் ‘தொடாதே’ என்று எழுதினான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். இவனுக்கு வாய் இருந்தது, வைத்துக்கொண்டு என்ன செய்தான்?

மறுநாள் விடிந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். ஒரு மணி நேரத்தில் போன் அடித்தது.

“தம்பி... வண்டி... போகலடா.” ஒவ்வொரு வார்த்தைக்கும் அவளுக்கு ஒரு மூச்சு செலவானது. “இன்ஜின் உறுமுது. நகரல. மாமா கல்லு வச்சிருக்கார்... இல்லன்னா பின்னால உருளுது.”

ஒட்டுப்போட்ட ஷாஃப்ட் விட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். கூடப்பிறந்தவளை இந்தக் கையாலேயே கொன்றுவிட்டேனே!

“உடைஞ்ச சத்தம் கேட்டுச்சா?”

“இல்லடா. சேத்துலேர்ந்து தார் ஏறினோம். மாமா இறங்கி ஏறினார்... அவ்வளவுதான்.”

“எதுக்கு இறங்கினார்? அதுலதான் எழுதி...” என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். போனுக்குள் தகரத்தில் கொட்டுகிற சத்தம். பட்டறைக்கு வெளியே வெயில் அடித்தது. மலையில் மழை.

“அக்கா, அவர்கிட்ட சொல்லு...”

இழுத்து இழுத்து விடுகிற மூச்சு மட்டும். போன் எதன் மேலோ விழுந்தது. “ஏய், இங்க பாரு, கண்ணைத் திற, என்னைப் பாரு!” என்று மாமா அலறுவது தூரத்தில் கேட்டது.

“மாமா!” என்று கத்தினான். இரண்டு வருடம் கழித்து வந்த வார்த்தை தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. “மாமா, போனை எடுங்க! உங்க கால்ல விழறேன், எடுங்க மாமா!”

“என்னடா?”

“முன்னாடி ஹப் ரெண்டையும் பூட்டுங்க. பூட்டினா போயிடும். இனி எங்கயும் அதைத் தொடாதீங்க.”

“குமிழ் அப்படியே இருக்கேன்னு திருகிட்டேன். முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“எழுதியிருந்தேன் மாமா.”

“எங்க?”

“சக்கரத்துல. சாக்பீஸ்ல.”

“இங்க மழை கொட்டுதுடா,” என்றார் மாமா.

கதவு திறந்தது. மறுபடி சாத்திக்கொண்டது. இன்ஜின் உறுமி, சக்கரம் ஈரத் தாரில் சீறிக் கிளம்பியது. போன் கட்டாகிவிட்டது.

பின்னாலேயே ஓடலாம் என்றால் பட்டறையில் இருந்த வண்டியெல்லாம் அவனே பிரித்துப் போட்டவை. சாக்பீஸை வீசியெறிந்தான். அழுதான். ஆறு முறை கூப்பிட்டும் மாமா எடுக்கவில்லை. வெயில் மேஜை வரைக்கும் ஏறிவந்த பிறகுதான் அவரே கூப்பிட்டார்.

“உள்ள எடுத்துட்டாங்க. கண்ணு முழிக்கல. மெஷின் ஓடுது.” குரல் உடைந்திருந்தது. “வேற எங்கயாவது எதையாவது எழுதி வச்சிருக்கியா? இருந்தா இப்பவே வாயால சொல்லிடு.”

அவன் டிராயரைப் பார்த்தான். “அந்த டெஸ்ட் தாள் இருக்கு மாமா. பொருந்தலன்னு...”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அன்னைக்குச் சாயங்காலமே டாக்டர் சொல்லிட்டார். யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு, நீ பக்கத்துல நின்ன. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிட்டு உன்கிட்ட வர்றது?”

இரண்டு வருடம்! ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. கெட்ட வார்த்தை ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அங்கே ஒரு பெண் குரல் மாமாவைக் கூப்பிட்டது.

“நர்ஸ் கூப்பிடறாங்க. வச்சிடாத மாப்ளே, லைன்லயே இரு.”

போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றான். செருப்புச் சத்தம். கதவு. மெஷினின் ஒரே சீரான இரைச்சல். அப்புறம் ரொம்ப மெல்லிசாக ஒரு குரல்.

“யாருகிட்ட... பேசிட்டிருக்கீங்க?”

“உன் தம்பிகிட்டதான்.”

“ஐயோ,” என்றாள் அக்கா. “அப்ப நான் செத்துட்டேனா?”